சிங்கிள் மோட் ஃபைபர் கேபிள் தேர்வு: கட்டடத்துக்கு உள்ளேயும் வெளியேயும், படிப்படியாக

ஃபைபர், அதாவது தரவை ஒளியாகக் கொண்டுபோகும் கண்ணாடி இழைக் கேபிள், இழுப்பது என்று முடிவானதும் பலர் செய்யும் முதல் வேலை, கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்குப் போய் விலை கேட்பது. கடைக்காரர் "எத்தனை கோர்?", அதாவது கேபிளுக்குள் எத்தனை இழை, என்பார். இவர் வாயில் வந்த எண்ணைச் சொல்வார். மாலைக்குள் ஒரு ட்ரம் கேபிள் வாசலில் இறங்கிவிடும். அது வெயிலைத் தாங்குமா, எலிப் பல்லுக்கு நிற்குமா, ஆட்கள் இருக்கும் மாடிக்குள் கொண்டுபோகலாமா என்பதெல்லாம் கேபிள் பாதி இழுத்தான பிறகுதான் நினைவுக்கு வரும்.

இங்கே அந்த வரிசையைத் திருப்பிப் போட்டிருக்கிறேன். உள்ளே இருக்கும் கண்ணாடி இழையைத் தேர்வது பத்து நிமிட வேலை. வெளியே இருக்கும் உறையைத் தேர்வதற்குத்தான் பாதை முழுவதும் கால் வலிக்க நடக்க வேண்டும். சில நூறு மீற்றர் முதல் ஓரிரு கிலோமீற்றர் வரையான அலுவலகம், கல்வி நிலையம், கடைத்தொகுதி, தொடர்மாடி வலையமைப்புகளுக்கே இது பொருந்தும்.

விளக்கத்துக்கு ஓர் இடத்தை வைத்துக்கொள்வோம். வெள்ளவத்தையில் ஒரு தனியார் கல்வி நிலையம். முன் கட்டடம் காலி வீதியைப் பார்த்தது. அதன் நான்காம் மாடியில் சேர்வர் அறை. அதே வளவுக்குள், கடல் பக்கமாகப் பின்கட்டடம். இரண்டுக்கும் நடுவே ஒரு முற்றம். பாதையின் மொத்த நீளம் 180 மீற்றர்.

தொடங்கும் முன் வேண்டியவை

அளவு நாடா, கட்டடத்தின் வரைபடம் அல்லது கையால் கீறிய படம், கைத்தொலைபேசிக் கமரா, இரு முனைகளிலும் உள்ள சுவிட்சுகளின் மாதிரி இலக்கம். இவற்றோடு கட்டடப் பராமரிப்பாளர் ஒருவர் கூட வர வேண்டும். எந்தக் கதவு பூட்டியிருக்கும், மழைக்கு எந்தக் குழி நிரம்பும் என்பது அவருக்குத்தான் தெரியும்.

1. பாதையை நடந்து துண்டுகளாகப் பிரியுங்கள்

ஒரு முனையிலிருந்து மறு முனை வரை நடந்து, சூழல் மாறும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு கோடு போடுங்கள். நம் உதாரணத்தில் நான்கு துண்டுகள் கிடைக்கும்: சேர்வர் அறையிலிருந்து நிலைக்குத்துக் குழல் வரை, குழல் வழியாகத் தரை மாடி வரை, முற்றத்துக்குக் கீழே குழாயில், பின்கட்டடத்துக்குள்.

ஒவ்வொரு துண்டுக்கும் ஐந்து கேள்விகள். வெயில் படுமா? தண்ணீர் தேங்குமா? எலி, அணில் நடமாட்டம் உண்டா? மின்கம்பி பக்கத்தில் போகிறதா? தீப்பிடித்தால் அந்தப் புகை ஆட்கள் இருக்கும் இடத்துக்குப் போகுமா? பின்னால் செய்யப்போகும் உறைத் தேர்வு முழுவதும் இந்தப் பதில்களில்தான் நிற்கிறது.

நீளத்தை நேர்கோட்டில் அளக்காதீர்கள். கேபிள் ஏறி, இறங்கி, மூலைகளைச் சுற்றித்தான் போகும். அளந்த நீளத்தோடு பத்து வீதம் கூட்டுங்கள். அதன் மேல் இரு முனைகளிலும் ஐந்து மீற்றர், இணைப்புப் பெட்டி வரும் இடத்தில் இரு பக்கமும் இன்னும் சில மீற்றர். இழையை ஒட்டும் இயந்திரத்தை மேசையில் வைத்துத்தான் வேலை செய்ய முடியும். கேபிள் அந்த மேசை வரை எட்டாவிட்டால், ஏணி உச்சியில் நின்று ஒட்ட வேண்டி வரும். அப்படி ஒட்டிய இணைப்புகள் நன்றாக அமைவதில்லை.

2. இரு முனைக் கருவிகளைப் பாருங்கள்

கேபிளுக்கு முன்பே, மின்குறியை ஒளியாகவும் ஒளியை மின்குறியாகவும் மாற்ற சுவிட்சில் செருகும் எஸ்.எஃப்.பி. தொகுதியை முடிவு செய்யுங்கள். இழை எத்தனை வேண்டும், முனையில் என்ன கனெக்டர் வரும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது.

வளவுக்குள் ஓடும் வேலைக்கு 1310 நனோமீற்றர் அலைநீள ஒளியில் இயங்கும் சாதாரண 10 கிலோமீற்றர் தொகுதி போதும். ஒரு கிகாபிட்டுக்கு எல்.எக்ஸ்., பத்து கிகாபிட்டுக்கு எல்.ஆர். இவை ஓர் இணைப்புக்கு இரண்டு இழை கேட்கும். ஒற்றை இழையில் இரு திசையும் ஓடும் 'பைடி' தொகுதியும் உண்டு. அதைச் சோடியாகத்தான் வாங்க வேண்டும்: ஒன்று 1310இல் அனுப்பி 1490இல் வாங்கினால், மற்றது 1490இல் அனுப்பி 1310இல் வாங்க வேண்டும். ஒரே மாதிரி இரண்டை வாங்கி வந்து, விளக்கு எரியவில்லையே என்று கேபிளைச் சந்தேகிப்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன்.

"பெரிதாக வாங்கினால் பலமாக இருக்கும்" என்று 40, 80 கிலோமீற்றர் தொகுதியை எடுப்பது இன்னொரு வழக்கமான பிழை. 40 கிலோமீற்றருக்கான பத்து கிகாபிட் ஈ.ஆர். தொகுதி 4 டி.பி.எம். (ஒளியின் வலுவைச் சொல்லும் அலகு) வரை ஒளி அனுப்பலாம். எதிர்முனை தாங்குவதோ மைனஸ் 1 டி.பி.எம். வரைதான். இருநூறு மீற்றர் இழை அந்த ஒளியை அவ்வளவாகக் குறைக்காது. நடுவில் ஒளிகுறைப்பான் போடாவிட்டால் பிழைகள் குவியும், ஒளியை வாங்கும் எதிர்முனை பழுதடையவும் கூடும்.

பழைய மல்டிமோட் தொகுதிகள் கையில் இருந்தால் ஒதுக்கி வையுங்கள். அவை 850 நனோமீற்றரில், 50 அல்லது 62.5 மைக்ரோமீற்றர் நடுவம் உள்ள இழைக்காகச் செய்யப்பட்டவை. மல்டிமோட்டில் ஒளி பல பாதைகளில் ஓடும்; ஒரே பாதையில் ஓடும் சிங்கிள் மோட் இழையின் ஒளிப்பாதை ஏறக்குறைய 9 மைக்ரோமீற்றர்தான்.

3. கண்ணாடி இழையின் வகையைத் தீர்மானியுங்கள்

உங்கள் முன்னால் இருப்பவை உண்மையில் இரண்டே: ஜி.652.டி, ஜி.657. இவை இழை வகைகளுக்கான சர்வதேசத் தரப் பெயர்கள். முதலாவது வெளிப்புறக் கேபிள்களில் வரும் பொதுவான இழை. இரண்டாவது வளைவைத் தாங்கும் இழை. அதில் ஏ1 ரகம் 10 மில்லிமீற்றர் ஆரை வரை, ஏ2 ரகம் 7.5 மில்லிமீற்றர் ஆரை வரை வளைவதற்கு வரையறுக்கப்பட்டது. ஜி.657.ஏ இழைகள் ஜி.652.டி உடன் ஒத்துப்போகும், இரண்டையும் ஒட்டலாம்.

முற்றம், குழாய், கம்பம் ஆகியவற்றுக்கு ஜி.652.டி. அறைக்குள், சுவர் மூலையில், சிறிய பெட்டிக்குள் சுருட்டும் இடத்துக்கு ஜி.657.ஏ1 அல்லது ஏ2. விலை அதிகம் வேறுபடவில்லையென்றால் எல்லாவற்றுக்கும் ஏ1 எடுப்பேன். ஜி.654, ஜி.655 என்ற பெயர்கள் விலைக்கூறலில் வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அவை நெடுந்தூர, கடலடிப் பாதைகளுக்கானவை.

இழை வளையும் அளவுக்குக் கேபிளும் வளையும் என்று நினைக்காதீர்கள். 7.5 மில்லிமீற்றர் என்பது உள்ளே இருக்கும் தலைமுடி போன்ற இழைக்கான கணக்கு. அதைச் சுற்றிய உறைக்கும் உருக்குக் கம்பிக்கும் வேறு கணக்கு. அது 11ஆம் படியில் வருகிறது.

ஓ.எஸ்.1, ஓ.எஸ்.2 என்று எழுதியிருப்பது இழையோடு சேர்த்து முழுக் கேபிளின் தரத்தைக் குறிக்கும். ஓ.எஸ்.1 கிலோமீற்றருக்கு 1 டெசிபெல் வரை இழக்கலாம், ஓ.எஸ்.2 0.4 டெசிபெல்லைத் தாண்டக் கூடாது. உட்புறக் கேபிளில் இழையை இறுக்கி உறையிடுவதால் இழப்பு சற்றுக் கூடும் என்பதற்காக அந்த முதல் வரம்பு வைக்கப்பட்டது. இன்று கடைகளில் பெரும்பாலும் ஓ.எஸ்.2 என்றுதான் எழுதியிருக்கும். அந்த ஓர் எழுத்தைப் பார்த்து "வெளியே போடலாம்" என்று முடிவெடுக்கக் கூடாது. பெட்டியையும் சுவிட்சையும் தொடுக்கும் மெல்லிய மஞ்சள் பட்ச் கோர்டிலும் ஓ.எஸ்.2 என்று அச்சடித்திருக்கும். அது மழை, வெயில் இரண்டையும் தாங்காது.

4. ஒளி இழப்பைக் கணக்கிடுங்கள்

நம் உதாரணத்தில் 180 மீற்றர் இழைக்கு 0.07 டெசிபெல். இரு முனைகளிலும் பிக்டெயில் (ஒரு முனையில் கனெக்டரோடு வரும் குட்டை இழை) ஒட்ட இரண்டு இணைப்பு, நடுவில் ஒன்று; ஒன்றுக்கு 0.1 என்று 0.3. இரு முனைப் பெட்டிகளிலும் ஒவ்வொரு கனெக்டர் சோடி, ஒன்றுக்கு 0.5 என்று 1. மொத்தம் ஏறக்குறைய 1.4 டெசிபெல்.

பத்து கிகாபிட் எல்.ஆர். தொகுதி குறைந்தது மைனஸ் 8.2 டி.பி.எம். அனுப்பும்; எதிர்முனை மைனஸ் 14.4 வரை உணரும். இடைவெளி 6.2 டெசிபெல். எனவே 4.8 கையிருப்பில் இருக்கிறது.

இந்த எண்களைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். இழை தின்றது 0.07தான், கனெக்டர்கள் தின்றது அதைப் போலப் பதினான்கு மடங்கு. வளவுக்குள் ஓடும் வலையமைப்பில் தூரம் ஒரு பொருட்டே அல்ல. முனையில் ஒட்டிய தூசும், மூலையில் நசுங்கிய கேபிளும்தான் பொருட்டு. விலை கூடிய இழைக்குச் செலவழிப்பதை விட, முனை துடைக்கும் பேனாவுக்கும் நல்ல பெட்டிக்கும் செலவழிப்பது எப்போதும் லாபம்.

5. இழை எண்ணிக்கை

இன்றைக்குத் தேவையானதைப் போல இரு மடங்கு வாங்கி, அடுத்த வழக்கமான அளவுக்கு உயர்த்துங்கள்: 4, 6, 8, 12, 24. இரண்டு இணைப்பு என்றால் நான்கு இழை. இரு மடங்கு எட்டு. நான் 12 எடுப்பேன். கேபிளின் விலையில் கூடும் பங்கு சிறியது. முற்றத்தை இரண்டாம் முறை தோண்டும் கூலி பெரியது. 12க்கு இன்னொரு வசதியும் உண்டு. நிற வரிசை நீலம், செம்மஞ்சள், பச்சை, மண்ணிறம், சாம்பல், வெள்ளை, சிவப்பு, கறுப்பு, மஞ்சள், ஊதா, இளஞ்சிவப்பு, கடல்நீலம் என்று ஒரே குழாய்க்குள் முடிந்துவிடும்.

6. உட்புறத் துண்டுகளுக்கு உறை

கட்டடத்துக்குள் முதல் கேள்வி தீ. சாதாரண பி.வி.சி. உறை எரியும்போது கரும்புகையும் அமில வாயுவும் கக்கும். ஒரே படிக்கட்டு உள்ள நான்கு மாடிக் கட்டடத்தில், பிள்ளைகள் இறங்கி ஓடும் வழியை அந்தப் புகைதான் அடைக்கும். எனவே உள்ளே போவது எல்.எஸ்.இசட்.எச். உறையாக இருக்கட்டும்: புகை குறைவு, ஹலோஜன் இல்லை. கேட்க வேண்டிய சான்றுகள் ஐ.இ.சி. 60332 சுடர் பரவலுக்கு, 60754 அமில வாயுவுக்கு, 61034 புகைக்கு. கேபிள் மேல் 'எல்.எஸ்.இசட்.எச்.' என்று அச்சடித்திருப்பதோடு திருப்திப்பட வேண்டாம். சோதனைத் தாளைக் கேளுங்கள். தாள் தர மறுக்கும் கடையைத் தாண்டி அடுத்த கடைக்குப் போகலாம்.

இரண்டாவது, இழையைச் சுற்றிய அமைப்பு. உட்புறக் கேபிளில் ஒவ்வோர் இழைக்கும் 900 மைக்ரோமீற்றர் தடிப்பில் இறுக்கமான தனி உறை இருக்கும். கையால் பிடித்து வேலை செய்யலாம். கனெக்டரை நேரடியாகப் பொருத்தலாம். வெளிப்புறக் கேபிளில் இழைகள் 250 மைக்ரோமீற்றர் பூச்சோடு மட்டும், களிம்பு நிரப்பிய குழாய்க்குள் தளர்வாக மிதக்கும்.

அந்தத் தளர்வான வகையை நான்கு மாடி நிலைக்குத்துக் குழலில் தொங்கவிட்டால், களிம்பும் இழையும் மெதுவாகக் கீழே இறங்கும். மேல் முனையில் இழை இழுபடும், கீழே குவிந்து வளையும். நிலைக்குத்துப் பாதைக்கு இறுக்கமான உறை வகையை எடுப்பதற்குக் காரணம் அதுதான். ஒவ்வொரு மாடியிலும் கேபிளைப் பிடித்துக் கட்டுங்கள். முழுப் பாரமும் மேல் கொக்கியில் தொங்கக் கூடாது. கட்டுவதற்குப் பிளாஸ்டிக் கட்டுப்பட்டியை விட வெல்க்ரோ நாடா நல்லது. பட்டியை இறுக்கினால் இழை நசுங்கும்; நசுங்கிய இடம் கண்ணுக்குத் தெரியாது, அளவியில்தான் தெரியும்.

மாடிகளுக்கு இடையே கேபிளுக்காகத் துளைத்த ஓட்டையைத் தீத்தடுப்புப் பசையால் அடைக்கச் சொல்லுங்கள். மேசன் பாஸ் சீமெந்து வைக்கத் தயாராக இருப்பார். அடுத்த கேபிளுக்கு அதை உடைக்கும்போது இந்தக் கேபிளும் சேர்ந்து போகும். மின்தூக்கிக் குழலைப் பாதையாகப் பாவிக்க வேண்டாம்.

7. வெளிப்புறத் துண்டுகளுக்கு உறை

வெளியே போவதற்குக் கறுப்புப் பொலித்தீன் உறை வேண்டும். அதில் கலந்திருக்கும் கரித்தூள்தான் வெயிலின் புறஊதாக் கதிரைத் தடுக்கிறது. தகரக் கூரை மேல் போட்ட மஞ்சள் உட்புறக் கேபிள் வெளிறி, விறைத்து, கையால் வளைத்தால் வெடிக்கும் நிலைக்கு வரும். உள்ளே தண்ணீர் ஊர்வதைத் தடுக்கக் களிம்போ, ஈரம் பட்டால் ஊதும் நாடாவோ இருக்க வேண்டும்.

*குழாய்க்குள்.* வளவுக்குள் பெரும்பாலான வேலைக்கு இதுவே சிறந்த வழி, ஏனென்றால் கேபிள் கெட்டால் உருவி எடுக்கலாம். வழக்கமாகப் பிழைப்பது குழாயின் மூலையில். பழைய சோனகர் தெருவில் வாங்கிய தண்ணீர்க் குழாய் எல்போவை வைத்து 90 பாகை திருப்பிவிடுவார்கள். தண்ணீர் அதில் திரும்பும், கேபிள் திரும்பாது. நீண்ட ஆரை வளைவைப் போடுங்கள். இரண்டு வளைவுக்கு ஒரு முறை இழுப்புப் பெட்டி வையுங்கள். குழாயின் உட்பரப்பில் பாதிக்கு மேல் நிரப்ப வேண்டாம். கேபிளோடு சேர்த்து ஒரு நைலோன் கயிற்றையும் உள்ளே விட்டு வையுங்கள், அடுத்தவருக்கு உதவும்.

*மண்ணுக்குள் நேரடியாக.* இதற்கு இரட்டை உறையும் உருக்குக் கவசமும் உள்ள கேபிள் வேண்டும், சந்தையில் ஜி.வை.டி.ஏ.53 என்ற குறியீட்டில் கிடைக்கும். அரை மீற்றருக்கு மேல் ஆழம் தோண்டி, கேபிளுக்கு மேலே எச்சரிக்கை நாடா போட்டு மூடுங்கள். ஆனாலும் தோண்டுவதே தோண்டுகிறீர்கள், குழாயைப் போட்டுவிடுங்கள் என்பதே என் கருத்து.

*எலி.* கொழும்பில் இதைத் தனியாகப் பேச வேண்டும். அரிசி, பருப்புக் களஞ்சியங்கள் உள்ள புறக்கோட்டைக் கட்டடங்களிலும், வடிகானை ஒட்டிய பாதைகளிலும் எலி கடிப்பதை விபத்தாகக் கருதக் கூடாது, வழக்கமாகக் கருதுங்கள். இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி நேர்கிறது. ஜி.வை.டி.ஏ. கேபிளில் அலுமினிய நாடா இருக்கிறது, ஜி.வை.டி.எஸ். கேபிளில் நெளிந்த உருக்கு நாடா இருக்கிறது. அலுமினியம் முக்கியமாக ஈரத்தைத் தடுப்பதற்கானது. பல்லுக்கு நிற்பது உருக்கு. இரண்டும் வெளியே ஒரே கறுப்பு, ஒரே தடிப்பு. கடைசி எழுத்தைப் பார்த்து வாங்குங்கள். 12 இழை வரையான சிறிய வேலைக்கு, நடுக் குழாயும் உருக்கு நாடாவும் இரு பக்கமும் உருக்குக் கம்பியும் கொண்ட ஜி.வை.எக்ஸ்.டி.டபிள்யு. மலிவான தேர்வு.

*மின்னல்.* உருக்கைச் சொன்ன கையோடு இதையும் சொல்ல வேண்டும். மார்ச், ஏப்ரல் மாதங்களிலும், பின்னர் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகல் இடி இங்கே பழகிய விடயம். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் அதன் உருக்குக் கவசம் கடத்தும். இரு கட்டடங்களை உருக்கால் தொடுத்தால், ஒன்றில் விழுந்த மின்னலின் ஒரு பங்கு மற்றதற்கும் போகப் பாதை கொடுக்கிறீர்கள்.

ஆக எலிக்கு உருக்கு வேண்டும், மின்னலுக்கு உருக்கு கூடாது. இதற்கு நான் சொல்லும் தீர்வு: கட்டடத்துக்குக் கட்டடம் போகும் துண்டில் உலோகமே இல்லாத ஜி.வை.எஃப்.டி.வை. போன்ற கேபிளை எடுத்து, தடித்த எச்.டி.பி.ஈ. (அடர்ந்த பொலித்தீன்) குழாய்க்குள் போட்டு, குழாயின் இரு வாயையும் எலி நுழையாமல் அடைப்பது. எலியைத் தடுக்கும் வேலையைக் குழாய் பார்த்துக்கொள்ளும். குழாய் போட முடியாத இடத்தில் மட்டும் உருக்குக் கவசம். அப்போது கவசத்தை ஒவ்வொரு கட்டட நுழைவிலும் என்ன செய்வது என்பதைத் தகுதியுள்ள மின் பொறியியலாளர் சொல்ல வேண்டும். எர்த் கம்பியில் ஏதோ ஒரு முனையைச் சுற்றிவிட்டு வருவது வேலையாகாது.

*ஆகாயத்தில்.* ஐம்பது மீற்றருக்குள் ஒரே தாண்டல் என்றால் உருக்குத் தாங்குகம்பி ஒட்டிய தட்டையான ட்ரொப் கேபிள் போதும். அதற்கு மேல், குறுக்குவெட்டில் '8' போலத் தெரியும் எட்டு வடிவக் கேபிள், அல்லது உலோகமில்லாமல் தன்னைத் தானே தாங்கும் ஏ.டி.எஸ்.எஸ்.; இதை வாங்கும்போது கம்பங்களுக்கு இடையேயான தூரத்தைச் சொல்லி வாங்க வேண்டும். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிக் கடற்கரைப் பக்கம் உப்புக் காற்று தாங்குகம்பியின் வெட்டிய முனையிலிருந்து துருவைத் தொடங்கும் என்பதால், அங்கே ஏ.டி.எஸ்.எஸ். பக்கம் சாய்வேன். தென்னை ஓலை விழும் பாதையில் எதுவும் நிலைக்காது, பாதையை மாற்றுங்கள்.

ட்ரொப் கேபிளைக் கட்டும் விதத்தில் கவனம் வேண்டும். கொக்கியருகே தாங்குகம்பியை மட்டும் கேபிளிலிருந்து பிளந்து, அதைத்தான் கொக்கியில் சுற்ற வேண்டும். இழை இருக்கும் பகுதி தளர்வாக, பெரிய வளைவில் கீழே தொங்க வேண்டும். முழுக் கேபிளையும் சேர்த்துக் கொக்கியில் முடிச்சுப் போட்டால் அன்றே வேலை செய்யும். காற்றில் ஆடி ஆடி, கொஞ்ச நாளில் இழை அந்த இடத்தில் முறியும்.

*பொது வீதி.* வளவுக்கு வெளியே கேபிள் கால் வைத்தால் இது உங்கள் கையில் மட்டும் உள்ள விடயமல்ல. ஒழுங்கைகளுக்கு மாநகர சபை, காலி வீதி போன்ற பிரதான வீதிகளுக்கு வீதி அபிவிருத்தி அதிகார சபை. தொலைத்தொடர்பு முறைமையை இயக்குவது 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின் கீழ் வருகிறது. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் முதலில் கேளுங்கள். "மின்கம்பத்தில் கட்டிவிடலாம், யாரும் பார்க்க மாட்டார்கள்" என்று சொல்லும் ஒப்பந்தக்காரரை நம்ப வேண்டாம். கம்பத்துக்குச் சொந்தக்காரர் வேறு. அவர் வெட்டினால் கேட்க முடியாது. வீதியைக் கடக்கும் துண்டுக்கு அனுமதி பெற்ற நிறுவனமொன்றிடம் இணைப்பை வாடகைக்கு எடுப்பதே பெரும்பாலும் சுருக்கமான வழி.

8. வெளியும் உள்ளும் சந்திக்கும் இடம்

கறுப்புப் பொலித்தீன் உறை நன்றாக எரியும், களிம்பும் எரியும். அதை அப்படியே நான்காம் மாடி வரை கொண்டுபோகக் கூடாது. அமெரிக்க மின் நெறிக்கோவை, வெளிப்புறக் கேபிள் கட்டடத்துக்குள் நுழைந்த பிறகு ஏறக்குறைய 15 மீற்றருக்குள் முடிய வேண்டும் என்கிறது. அந்த அளவை இங்கேயும் நல்ல கைக்கணக்காக வைத்துக்கொள்ளலாம்.

செய்ய வேண்டியது: நுழைவுக்கு அருகே சுவரில் ஓர் இணைப்புப் பெட்டி. வெளிப்புறக் கேபிள் அதில் முடியும். உட்புறக் கேபிள் அதிலிருந்து புறப்படும். இழைகள் உள்ளே ஒட்டப்படும். 0.1 டெசிபெல் செலவு. அதற்குப் பதிலாக எல்.எஸ்.இசட்.எச். உறையும் வெயில் தாங்கும் தன்மையும் சேர்ந்த உள்-வெளிக் கேபிளை ஒரே நீளமாக இழுக்கலாம். பாதை குறுகியதாக, குழாய் வசதி இருந்தால் இது நல்ல வழி. இணைப்புப் பெட்டி மிச்சம்.

சுவரில் துளையிடும்போது உள்ளிருந்து வெளியே சற்றுச் சாய்வாகக் கீழ்நோக்கி இடுங்கள். துளைக்கு முன்னால் கேபிள் ஒரு முறை கீழே தொங்கி மேலே ஏறட்டும். மழைநீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும், கேபிள் வழியே பெட்டிக்குள் வராது.

9. கனெக்டர்

சுவிட்ச் பக்கம் நீல நிற எல்.சி. யு.பி.சி. இணைய சேவை நிறுவனம் வீட்டுக்குக் கொண்டுவரும் ஃபைபரில் பச்சை நிற எஸ்.சி. ஏ.பி.சி. பச்சையின் முகம் 8 பாகை சாய்வாகத் தீட்டப்பட்டது. நீலத்தின் முகம் நேரானது. எல்.சி., எஸ்.சி. என்பவை கனெக்டரின் வடிவங்கள்; ஒன்று மற்றதன் துளைக்குள் போகாது. ஆனால் வடிவம் ஒன்றாக இருந்தால் பச்சையும் நீலமும் ஒரே துளைக்குள் போகும், 'கிளிக்' என்றும் கேட்கும். அப்போது முகங்கள் பொருந்தாமல் நடுவில் காற்று இடைவெளி நிற்கும். ஒளி இழப்பு எகிறும், அழுத்தினால் முகம் கீறுபடும். பச்சைக்குப் பச்சை, நீலத்துக்கு நீலம். மாற வேண்டியிருந்தால் ஒரு முனை பச்சை, மறு முனை நீலம் உள்ள பட்ச் கோர்டை வாங்குங்கள்.

கேபிள் முனையில் கனெக்டரைக் கையால் பொருத்துவதை விட, தொழிற்சாலையில் தீட்டிய பிக்டெயிலை வாங்கி ஒட்டுவதே மேல்.

10. கடையில்

இப்போதுதான் கடை. கேபிள் மேலுள்ள அச்சை முழுவதும் படியுங்கள்: இழை வகை, எண்ணிக்கை, கேபிள் குறியீடு, தயாரித்த ஆண்டு, மீற்றர் இலக்கம். மீற்றருக்கு மீற்றர் இலக்கம் ஓடும். தொடக்க இலக்கத்தையும் முடிவு இலக்கத்தையும் படமெடுங்கள். 300 மீற்றர் என்று விற்றது 280தான் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

முனைக்கு மூடி இருக்கிறதா என்று பாருங்கள். வெட்டிய முனையோடு ஈரத் தரையில் கிடந்த துண்டின் முதல் சில மீற்றரில் தண்ணீர் ஏறியிருக்கலாம். வாங்குவதென்றால் அந்த அளவைக் கழித்துக் கணக்குப் பாருங்கள்.

பாதையின் ஒவ்வொரு துண்டையும் ஒரே நீளமாக வாங்குங்கள். "இரண்டு துண்டு இருக்கிறது, விலை குறைத்துத் தருகிறேன்" என்ற பேச்சுக்கு மயங்க வேண்டாம். முற்றத்தின் நடுவில் ஓர் இணைப்பு என்பது தண்ணீர் நுழைய ஒரு வாசல்.

ட்ரம்மில் இருக்கும்போதே ஒவ்வோர் இழையையும், ஒளித்துடிப்பு அனுப்பி எந்த இடத்தில் இழப்பு என்று காட்டும் ஓ.டி.டி.ஆர். கருவியால் பார்த்துவிடுங்கள். இழுத்த பிறகு பழுது தெரிந்தால், கடைக்காரர் "நீங்கள் இழுத்து உடைத்தீர்கள்" என்பார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கும்.

11. இழுப்பதும் அளப்பதும்

இழுக்கும்போது வளைவின் ஆரை கேபிளின் விட்டத்தைப் போல இருபது மடங்குக்குக் குறையக் கூடாது. கட்டி முடித்த பின் பத்து மடங்கு. 10 மில்லிமீற்றர் கேபிள் என்றால் இழுக்கும்போது 20 சென்ரிமீற்றர் ஆரை. கயிற்றை வெளி உறையில் கட்டி இழுக்காதீர்கள். உறை நீளும், இழையும் அதோடு இழுபடும். உள்ளே இருக்கும் பலக்கம்பியிலும், அரமிட் எனும் வலுவான நூலிலும் கட்டுங்கள். தரவுத்தாளில் உள்ள இழுவிசை எல்லையைப் பாருங்கள். இரண்டு பேர் தம் பிடித்து இழுத்தும் வரவில்லையென்றால், மூன்றாவது ஆளைக் கூப்பிடாமல் எங்கே சிக்கியது என்று தேடுங்கள்.

உடைந்த இழைத் துண்டுகளை மூடியுள்ள போத்தலில் போடுங்கள். தோலில் ஏறினால் கண்ணுக்குத் தெரியாது. இயங்கும் இழையின் முனையைக் கண்ணால் பார்க்காதீர்கள். 1310, 1550 நனோமீற்றர் ஒளி கண்ணுக்குப் புலப்படாது என்பதால், இருட்டாக இருப்பது பாதுகாப்புக்கு அடையாளமல்ல.

ஒவ்வோர் இழையையும் 1310, 1550 இரண்டிலும் அளக்கச் சொல்லுங்கள். 1550 வளைவுக்குக் கூடுதலாக நோகும். 1310இல் சரியாக இருந்து 1550இல் ஓர் இடத்தில் இழப்பு ஏறினால், அங்கே கேபிள் மடங்கியோ நசுங்கியோ இருக்கிறது. அங்கே போய்க் கட்டைத் தளர்த்துங்கள். இரண்டிலும் ஒரே அளவு இழப்பு என்றால் ஒட்டிய இணைப்பையோ கனெக்டரையோ சந்தேகியுங்கள். குறுகிய பாதையில் ஓ.டி.டி.ஆர். முதல் சில மீற்றரைப் பார்க்காது. முன்னும் பின்னும் நூற்றைம்பது மீற்றருக்குக் குறையாத துணை இழைச் சுருள் ஒன்றைச் செருகி அளந்தால்தான் முதல் கனெக்டரும் கடைசிக் கனெக்டரும் வரைபில் தெரியும். செருகும் ஒவ்வொரு முறையும் முனையைத் துடையுங்கள், புதிதாகப் பொதியிலிருந்து எடுத்ததையும்.

அளவீட்டுக் கோப்பை ஒப்பந்தக்காரரிடமிருந்து வாங்கிய பிறகே கடைசிக் கொடுப்பனவைச் செய்யுங்கள். மிஞ்சிய கேபிளில் இருபது, முப்பது மீற்றரைத் திருத்தத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரு முனைக்கும் மூடி போட்டு, கேபிள் குறியீட்டையும் இழை வகையையும் அட்டையில் எழுதிக் கட்டி, சேர்வர் அறையிலேயே வையுங்கள், மொட்டைமாடியில் வேண்டாம்.